மலைவழியில் விரைவு வேண்டா

சித்தூரிலிருந்து திருப்பதி வழியாகத் திருமலைக்குச் செல்வோருள் பலர் விரைவையே விரும்புகின்றனர். அது பிழையாகும். தமிழகத்தின் பழைய வடவெல்லையாகிய வேங்கடம் இம்மலையே. இங்கு முதல் மலைச்சாலை 1944இலும், இரண்டாம் சாலை 1974இலும் அமைந்தன. புதிய சாலையில் ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும், வளைவுகள் மிகுந்த பழைய சாலையில் இறங்குவதற்கு 40 நிமிடமும் ஆகவேண்டும் என்பது விதி. முன்னரே வந்தடையும் வண்டிக்கு அபராதம் உண்டு.

இவ்விதி நன்று. விரைந்து இறங்கும் வண்டியின் பிரேக் சூடேறிச் செயலிழக்கக்கூடும். சாலையைக் கடக்கும் மானும் அடிபடக்கூடும். மெல்லச் செல்வோர்க்கே செம்மரக் காடும் பள்ளத்தாக்கும் கண்ணில் படும். ஆதலின், எம்மலைக்குச் செல்வோரும் நிதானமான பயணத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.