வெற்றிக்குக் கோப்பை உண்டு, பண்புக்கு?



சென்ற இதழில், விடுமுறைக்கு ஊர் செல்வோர் பயணச் சீட்டை முன்பதிவு செய்யும் முறைபற்றி எழுதியிருந்தேன். இத்திங்கள் என் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகின்றேன். நிகழ்ச்சி சிறியதுதான். ஆயினும் அது இரண்டு இரவுகள் என்னை உறங்கவிடவில்லை.

இரவுப் பணி முடித்து ஒரு ஞாயிறு காலை தாராவிக்குத் திரும்பினேன். பன்னிரண்டு வயது நிறைந்த என் மகன், காதில் இயர்போன் செருகிக்கொண்டு கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் அவனோடு சேர்ந்திருந்தவன் முகமறியாத வேறொரு சிறுவன். அவன் பேச்சு பீகார்ப் பக்கத்துப் பேச்சு போலும். அவனுடைய உச்சரிப்பைப் பழித்துக் காட்டி, அவன் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி, என் மகன் உரக்க ஏசிக்கொண்டிருந்தான். நான் வாயிலிலேயே நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்பது நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மாதுங்கா லேபர் கேம்ப் அருகே டென்னிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடிய நாளில், நான் பேசிய இந்தியைக் கேட்டு எதிரணிப் பிள்ளைகள் சிரித்தார்கள். 'மதராசி' என்ற சொல்லை அவர்கள் சொன்ன விதம் இன்றும் என் காதில் இருக்கின்றது. அடிபட்டவன் வீட்டிலேயே அடிக்கும் கை வளர்ந்துவிட்டதே என்று மனம் நொந்தது.

"என்னலே பேச்சு இது?" என்று கைப்பேசியைப் பறித்தேன். அவன் அழவில்லை. சற்று நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "அப்பா, நான் ஏசினா உங்களுக்குக் கேட்குது. போன வாரம் தெரியாத ஒருத்தன் விழுந்து கிடந்தான். நான் திரும்பிப் போய்த் தூக்கிவிட்டேன். அதுல நானும் தோத்துட்டேன். அதை யார் பார்த்தா?" என்றான்.

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண், இவ்வாட்டங்களை அறியாத பெரியவர்களுக்காகச் சில சொற்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தது. நான் குறிப்பது அவற்றையன்று. நம் பிள்ளைகள் பெரிதும் ஆடுவது, ஒரு தீவில் நூறு பேர் இறங்கி இறுதிவரை எஞ்சியிருக்கப் போராடும் போர் ஆட்டம். பப்ஜி மொபைல் என்ற பெயரில் பரவிய அதனை 2020 செப்டம்பரில் நடுவண் அரசு தடை செய்தது. பின்னர் 2021 ஜூலையில் இந்தியாவுக்கெனத் தனிப் பதிப்பு வெளிவந்தது. 2022இல் அதுவும் நிறுத்தப்பட்டு, 2023இல் மீண்டும் வந்தது. நால்வர் ஓர் அணியாக ஆடலாம். அந்நால்வரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டுவதில்லை. ஒருவன் செம்பூரிலும், ஒருவன் பாட்னாவிலும், ஒருவன் மதுரையிலும் இருக்கலாம். குண்டடிபட்டு விழுந்த தோழன் அருகில் சில நொடிகள் நின்றால் அவனை எழுப்பிவிடலாம். ஆனால் அந்நொடிகளில் எழுப்புகிறவனும் சுடப்படலாம். ஆகவே, திரும்பிச் சென்று எழுப்புதல் அவ்வாட்டத்தில் ஓர் ஈகை என்றே சொல்ல வேண்டும்.

முகம் தெரியாத இடத்தில் நாக்கு கட்டவிழ்வது இயல்பு. அடுத்த தெருப் பையனை ஏசினால் மாலைக்குள் அவன் தாய் நம் வாயிலில் வந்து நிற்பாள். முகமறியாதவனை ஏசினால் கேட்பார் யார்? ஆகையால் ஆட்டத்தை நடத்தும் நிறுவனங்கள் முதலில் தண்டனையையே நம்பின. நமக்குப் பழக்கமான அப்போர் ஆட்டத்திலும் நடத்தை மதிப்பெண் என ஒன்று உண்டு. முழு மதிப்பெண் நூறு. தன் அணியினனையே சுட்டாலோ, ஆட்டத்தை நடுவில் விட்டு ஓடினாலோ அது குறையும். மிகவும் குறைந்தால் பிறரோடு அணி சேர இயலாது.

எங்கள் ரயில்வேயிலும் ஏறக்குறைய இதே நிலைதான். சிறு தண்டனைக்குரிய குற்றச்சாட்டுத் தாள் எஸ்.எஃப். 11, பெருந்தண்டனைக்குரியது எஸ்.எஃப். 5 என்பது கடைநிலை ஊழியருக்கும் மனப்பாடம். விருதுகள் இல்லாமல் இல்லை. ஆயினும் சாளரத்தின் முன் நிற்கும் முதியவருக்குப் படிவத்தை நிரப்பித் தந்த எழுத்தருக்கென்று ஒரு தாள் உண்டா என்று கேட்டால், இல்லை. தவற்றுக்குப் பேரேடு உண்டு, நன்மைக்கு இல்லை. என் மகன் கேட்டதும் இதைத்தான்.

இக்குறையைச் சில ஆட்ட நிறுவனங்கள் உணர்ந்தன. உலகெங்கும் ஆடப்படும் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்னும் ஆட்டத்தில் 2012ஆம் ஆண்டு ஒரு புதுமுறை வந்தது. ஆட்டம் முடிந்தவுடன், உடன் ஆடியவர்களுள் நட்போடு நடந்தவர், உதவியவர், கூடி உழைத்தவர் என்று ஆட்டக்காரர்களே அன்று பாராட்டுக் குறி இட முடிந்தது. இவற்றினும் சிறந்தது நான்காவது குறி. அது எதிரணியினர் தமக்கு எதிராக ஆடியவருக்கு இட்ட 'மதிப்பிற்குரிய எதிரி' என்ற குறி. 'ஓவர்வாட்ச்' என்னும் ஆட்டமும் 2018இல் இதுபோன்ற முறையைக் கொணர்ந்தது. அங்கே பெற்ற பாராட்டுகளைப் பொறுத்து ஆட்டக்காரரின் படிநிலை உயரும். நல்லதைச் செய்தவன் தனித்து விடப்படவில்லை, அதைக் கண்டவர் உண்டு என்று சொல்ல இவை உதவின.

அப்படியாயின் நல்ல நடத்தைக்கெல்லாம் பரிசு கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. வாரம் முழுதும் வசை பேசாதிருந்தால் ஐம்பது ரூபாய் என்று மகனிடம் சொல்லலாமா என எண்ணினேன். என் மனைவிதான் தடுத்தாள். "ஐம்பது ரூபாய் நிறுத்திய வாரம் என்ன செய்வான்?" என்று கேட்டாள். பிறகு படித்துப் பார்த்ததில், அவள் அச்சம் சரியென்றே தெரிந்தது.

1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் நடத்தியது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் தாமாகவே விருப்பமுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தனர். வரைந்தால் 'நல்ல ஆட்டக்காரர்' என்ற சான்றிதழ் தருவோம் என்று முதற்குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பின்பு திடீரெனக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பேனாக்களை வெறுமனே மேசைமீது வைத்துக் கவனித்தபொழுது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் ஏனையோரில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்க்கு ஆர்வம் குறையவில்லை. பரிசு கூலியாக மாறினால், விருப்பம் வேலையாகிவிடுகின்றது.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் ஜப்பானும் செனகலும் புள்ளியிலும் கோல் கணக்கிலும் சமமாக நின்றன. அவ்விரண்டும் தம்முள் ஆடிய ஆட்டமும் சமனில் முடிந்திருந்தது. அப்பொழுது நன்னடத்தைப் புள்ளி பார்க்கப்பட்டது. ஜப்பான் வாங்கிய மஞ்சள் அட்டைகள் நான்கு, செனகல் வாங்கியவை ஆறு. ஜப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் போலந்துக்கு எதிரான அக்கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் நிகழ்ந்தது என்ன? ஒரு கோல் பின்தங்கியிருந்த ஜப்பான் அணியினர், மேலும் கோலோ அட்டையோ வாங்கிவிடாதபடி, பந்தைத் தமக்குள்ளேயே தட்டிக்கொண்டு பொழுதைக் கழித்தனர். அரங்கத்தார் கூச்சலிட்டுப் பழித்தனர். பண்புக்கு வைத்த புள்ளி, ஆட்டத்தையே கைவிடச் செய்தது.

இணைய ஆட்டத்திலும் இவ்விபத்து உண்டு. "நீ எனக்குப் பாராட்டுப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று குறியை மாற்றிக்கொள்கிறவர்கள் தோன்றிவிடுகின்றார்கள். இது கல்யாண வீட்டு மொய்க் கணக்கேயன்றி மரியாதை ஆகாது.

எனில் எத்தகைய பரிசு தகும்? இதற்கு விடை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் மாதுங்காவிலிருந்து மின்ரயிலில் அரைமணி நேரத்தில் அடையக்கூடிய வான்கடே அரங்கிலேயே ஒரு விடை கிடைத்தது. 1980 பிப்ரவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட் ஆட்டம் அங்கே நடந்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த வேளையில் ஆட வந்தவர் பாப் டெய்லர். பந்து மட்டையில் பட்டு விக்கெட் காப்பாளரிடம் சென்றதாக நடுவர் அவருக்கு ஆட்டமிழப்புக் கொடுத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய இந்திய அணித் தலைவர் குண்டப்பா விசுவநாத், நடுவரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். பின்னர் டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அச்செயலால் விசுவநாத்துக்கு அன்று கிடைத்தது தோல்வி. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், வென்றவரைச் சொல்லும் நாவெல்லாம் அவரையும் சேர்த்தே சொல்கின்றது.

2011இல் நாட்டிங்காமில், தேநீர் இடைவேளை என்றெண்ணி கிரீஸைவிட்டு நகர்ந்து ரன் அவுட் ஆன இயன் பெல்லைத் தோனி திரும்ப அழைத்தார். அவ்வாண்டு அச்செயலுக்காகச் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் அவருக்கு ஆட்டப் பண்பு விருது அளித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் செயல் முந்தியது, பாராட்டு பின்வந்தது. செய்தவர் யார், என்ன செய்தார் என்பது எல்லாரும் அறியச் சொல்லப்பட்டது. பாராட்டின் வலிமை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கின்றது.

ஆகவே நம் சங்கச் செயற்குழுவின் பார்வைக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விளையாட்டு விழாவில் கேரம், சதுரங்கம் ஆகியவற்றுடன் இளைஞர்க்கான கைப்பேசி ஆட்டப் போட்டியையும் சேர்க்கும் எண்ணம் இருப்பதாக அறிகின்றேன். சேர்ப்பது நன்று. தாராவிப் பிள்ளையும், செம்பூர்ப் பிள்ளையும், மாதுங்காப் பிள்ளையும் அங்கே நேருக்கு நேர் முகம் பார்ப்பார்கள். வென்ற அணிக்குக் கோப்பை கொடுங்கள். அதனோடு, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் தோற்ற அணியினர், வென்ற அணியில் தாம் மதித்த ஒருவர் பெயரையும், வென்ற அணியினர் தோற்ற அணியில் ஒருவர் பெயரையும், அவர் செய்த செயலையும் ஒரு சீட்டில் எழுதித் தரட்டும். தன் அணிக்காரனுக்கு எழுதுதல் கூடாது. அப்பொழுது மொய்க் கணக்குக்கு இடமில்லை. மேடையில் அச்சீட்டுகளைப் படியுங்கள். பணம் வேண்டா, பதக்கமும் வேண்டா. எழுதத்தக்க செயல் ஒன்றும் இல்லையெனில் சீட்டு வெறுமையாகவே இருக்கட்டும். கட்டாயப் பாராட்டு யாருக்கும் இனிப்பதில்லை.

வசைமொழிக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரையும் மொழியையும் சொல்லி ஏசுகிறவன் அப்பொழுதே வெளியேற்றப்பட வேண்டும். அச்சொல்லின் காயம் இன்னதென்று நம்மைவிட நன்கறிந்தவர் இந்நகரில் எத்தனை பேர்? ஆனால் வெளியேற்றுதல் தீயதை நிறுத்துமேயன்றி நல்லதை வளர்க்காது. அதற்கு நல்லதைக் கண்டு சொல்லும் கண்ணும் நாவும் வேண்டும். பிள்ளைகளின் ஆட்டத்தை நாம் கைப்பேசியைப் பறிப்பதற்காக மட்டுமே எட்டிப் பார்க்கிறோம். சற்று அமர்ந்தும் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நான் மகன் அருகில் அமர்ந்தேன். அண்மையில் உடன் ஆடியவர்களின் பட்டியலில் அச்சிறுவனின் புனைபெயரைத் தேடிப் பிடித்து, "மன்னித்துக்கொள், அண்ணா" என்று இந்தியில் ஒரு வரி அனுப்பினான். நான் அனுப்பச் சொல்லவில்லை. இதனை எழுதும் நாள்வரை மறுமொழி வரவில்லை. வராமலும் போகலாம். அவனுக்கு நான் ஐம்பது ரூபாயும் கொடுக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. "பார்த்தேன்லே" என்று மட்டும் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

இது குறித்து அன்பர்கள் தங்கள் கருத்தை அடுத்த இதழுக்கு எழுத வேண்டுகின்றேன். சிறப்பாக, பிள்ளைகளும் எழுதட்டும்.