'மாத்திப் பார்க்கலாம் சார்' என்ற வியாதி

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

என் தங்கைக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அழைத்துப் போவது நான்தான். நான்கு மாதமாக என் கார் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் முக்கி முனகிச் சுற்றும். மூன்றாவது, நான்காவது முயற்சியில்தான் பிடிக்கும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்ததுமே, "பேட்டரி போயிடுச்சு சார்" என்றார்கள். எந்தச் சோதனையும் இல்லை. 5,400 ரூபாய். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த இடத்தில், "செல்ஃப் மோட்டார் வீக்." 7,800 ரூபாய். ஒரு மாதம் நிம்மதி. ஐப்பசி மழை பிடித்ததும் ஒருநாள் அதிகாலை 'டிக்' என்ற ஒரு சத்தம் மட்டும் வந்தது. இன்ஜின் அசையவே இல்லை. பின் சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கை, "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடலாமாண்ணா?" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மழையில் ஆட்டோ தேடி, ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

மூன்றாவது மெக்கானிக் சொன்னார்: "ஃப்யூல் பம்ப்பை மாத்திப் பார்க்கலாம் சார்."

இந்த 'மாத்திப் பார்க்கலாம்' என்ற சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன். இன்ஜினே சுற்றாதபோது பெட்ரோல் வருகிறதா இல்லையா என்ற கேள்வி எங்கிருந்து வந்தது? அடுப்பே பற்றவில்லை, அரிசி சரியில்லை என்பது போல அல்லவா இருக்கிறது!

கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். கையில் ஒரு மல்டிமீட்டர். பேட்டரியை அளந்தான்: 12.6 வோல்ட், முழு சார்ஜ். என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தான்: 11 வோல்ட். "பேட்டரி நல்லா இருக்கு சார். செல்ஃப் எடுக்கும்போது பத்துக்குக் கீழே போனாத்தான் சந்தேகப்படணும்." பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்தான். சாவியைத் திருப்பினேன். 2.6 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாத இடம் அது.

குற்றவாளி எர்த் கேபிள். அது இன்ஜினோடு சேரும் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புதுக் கேபிள் போட்டு முடுக்கினான். கேபிள் 350 ரூபாய். இருபது நிமிடம். கார் ஒரே திருப்பில் பிடித்தது.

என் மாணவர்களே, இது நான் உங்களுக்கு நடத்திய ஓம் விதிதான். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 130 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். லைட் எரியும், ஹாரன் அடிக்கும். அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும், அதனால் அந்தத் தடை அவற்றுக்கு உறைக்காது. செல்ஃப் மட்டும் திணறும்.

அப்படியானால் பேட்டரி மாற்றியதும் ஏன் சரியானது? புதுப் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத் தள்ளியது, அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது பக்கத்திலிருந்த அந்த போல்ட் அசைந்து கொடுத்திருக்கும். மாற்றினோம், சரியானது, ஆகவே அதுதான் காரணம் என்ற நினைப்பில்தான் நாம் ஏமாறுகிறோம். நோய் எது, அதன் மூலம் எது என்று தேடிவிட்டு மருந்து கொடு என்ற குறளை மனப்பாடம் செய்யாத பிள்ளை நம் ஊரில் உண்டா? காரிடம் வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க நான் தயாரில்லை. இந்த விஷயத்தைக் கேட்ட என் உறவினர் ஒருவர், "போல்ட்டைத் தேய்ச்சதுக்கு 200 ரூபாய் கூலியா?" என்றார். 7,800 ரூபாய் மோட்டாருக்கு அவர் வாய் திறக்கவில்லை. பொருளுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம் என்றால், கடைக்காரர் பொருளைத்தானே விற்பார்?

ஆகவே இனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, சத்தத்தைச் சரியாகச் சொல்லுங்கள். மெதுவாகச் சுற்றுகிறதா, 'டிக்' என்று நிற்கிறதா, 'டக டக' என்று அடிக்கிறதா, அல்லது வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? முதல் மூன்றும் பேட்டரி, கேபிள், செல்ஃப் பக்கம். கடைசி மட்டுமே பெட்டும்பாலும் பெட்ரோல், ஸ்பார்க் பக்கம். இரண்டு, "எதை அளந்து பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மூன்று, அளந்து பார்ப்பவருக்கு அதற்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

இப்போது என் பங்கு. அந்தப் பையன் பத்தாம் வகுப்பில், "வோல்ட்மீட்டரை நான் ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டான். பள்ளியில் இருந்ததே இரண்டு. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து, "படத்தைப் பார்த்து வரைந்துகொள்" என்றேன். எனக்கு மறந்துபோயிருந்தது. அன்று சிரித்துக்கொண்டே அவன்தான் ஞாபகப்படுத்தினான். ஓம் விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நிறைய பேர். நடத்திய நானே என் காரில் அதைப் பயன்படுத்தத் தோன்றாமல் 13,200 ரூபாயைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டர் உடைந்தால் உடையட்டும். பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

நேற்றும் தங்கையை அழைத்துக்கொண்டு ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ஒரே திருப்பு.