படலையைப் பார்க்கும் கண்

வீட்டின் வெளிப்புறத்தே கமரா பூட்டும் வழக்கம் நம்மவரிடையே விரைந்து பரவி வருகின்றது. ஒருகால் வங்கிக்கும் நகைக்கடைக்கும் உரியதாயிருந்த இக்கருவி, இன்று கோப்பாயிலும் கொக்குவிலிலும் சாதாரணக் குடும்பத்தினரின் கூரை விளிம்பிலிருந்து ஒழுங்கையை நோக்குகின்றது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதியோர் இருவர் மாத்திரம் பெரிய வளவொன்றைக் காத்திருக்கும் இல்லங்கள் வடக்கிலே பல. விடுமுறையில் வரும் மகனோ மகளோ திரும்பிப் போகுமுன் செய்து முடிக்கும் காரியங்களுள் கமரா பூட்டுதலும் ஒன்றாகிவிட்டது. ஆகவே இதனை வாங்குமிடத்தும் பயன்படுத்துமிடத்தும் கவனிக்க வேண்டியவற்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

இல்லத்துக்குக் கமரா என்னும் எண்ணம் புதிதன்று. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிறவுண் என்னும் தாதி, வேலை நேரம் ஒழுங்கற்றிருந்தமையால் வீட்டில் தனித்திருக்க அஞ்சி, 1966இல் தம் கணவருடன் சேர்ந்து இத்தகைய ஏற்பாடொன்றை வகுத்தார். கதவிலே நான்கு துவாரங்கள். நெட்டையானவரையும் சிறு பிள்ளையையும் காணும் வண்ணம் அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் கமரா. உள்ளே ஒரு தொலைக்காட்சித் திரை. வெளியே நிற்பவருடன் பேச ஒலிவாங்கி. இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். 1969 டிசெம்பரில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வம்மையாருக்கு வேண்டியிருந்தது ஒரே கேள்விக்கு விடை: வாசலில் நிற்பவர் யார்? அவ்விடையைத் தராத கமரா எத்துணை விலையுயர்ந்ததாயினும் வீணே.

வாங்கப் போவோர் பெரும்பாலும் வழுக்கி விழுவது இவ்விடத்திலேதான். கடைக்காரர் 130 பாகை அகலம் பார்க்கும் என்று காட்டுவார். வளவு முழுவதும் ஒரே படத்தில் தெரியக் கண்டு நமக்கும் மகிழ்ச்சி உண்டாகும். ஆனால் பார்வை அகல அகல முகம் சிறுக்கும். அறியாத ஒருவரை இன்னாரெனத் துணிந்து கூறுவதற்கு, அவர் நிற்குமிடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகளேனும் வேண்டும். முன்பே தெரிந்தவரை அடையாளங்காண 125 போதும். கண்காணிப்புக் கமராக்களுக்கான சர்வதேசத் தரவிதிகளில் வழங்கும் கணக்கு இது. சாதாரணமாக விற்கப்படும் 1080 தரக் கமராவின் படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள் உள்ளன. அதன் பார்வைக்கோணம் 90 பாகையாயின், கமராவிலிருந்து 13 அடிக்கு அப்பால் நிற்கும் அந்நியனை அது திடமாகக் காட்டிக் கொடாது. படலையோ வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி நிற்கும்! அங்கே நிற்பவரின் முகம் ஏறத்தாழ 13 புள்ளி அகலமே கொண்டிருக்கும். யாரோ வந்தார் என்று தெரியும். யார் என்று தெரியாது. நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே கமராவும் அத்தூரத்தில் தெரிந்தவரைக் காட்டுமேயன்றி அந்நியனைக் காட்டாது.

ஆதலின் கடைக்குப் போகுமுன் அளவுநாடா ஒன்றை எடுத்துப் படலைக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தை அளந்து கொள்ளுங்கள். தூரம் அதிகமாயின் குறுகிய கோணமுடைய வில்லையைக் கேட்க வேண்டும். அல்லது கமராவைப் படலைத் தூணுக்கருகே கொண்டுபோக வேண்டும். வளவு முழுவதையும் ஒன்றினாலேயே பார்க்க முனைவதிலும், வருவோர் கடந்தே தீரவேண்டிய ஓரிடத்தைத் தெளிவாகப் பார்ப்பது நன்று. எட்டு ஒன்பது அடி உயரம் போதுமானது. கைக்கு எட்டாதிருக்க வேண்டுமென்று முகட்டருகே ஏற்றிவிட்டால் தலைமயிரும் தொப்பியுமே பதிவாகும். காலை வெயிலோ மாலை வெயிலோ வில்லையில் நேரே விழாதவாறு திருப்புதலும் அவசியம்.

இரவில் இக்கருவிகள் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்களை வீசிப் பார்க்கின்றன. 850 நனோமீற்றர் அலைநீளக் கதிரை வீசுபவற்றில் மங்கிய செம்புள்ளிகள் தெரியும்; 940 நனோமீற்றர் ஆயின் ஒன்றும் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும். நம் நாட்டில் இதற்கு வேறொரு பகை உண்டு. விளக்கை நாடிப் பூச்சி வரும். பூச்சியை நாடிச் சிலந்தி வரும். சிலந்தி வில்லைக்கு முன்னேயே வலை பின்னும். அவ்வலையின் ஓர் இழை இரவிலே வெண்கயிறு போல் படத்தை மறைத்துவிடும். வாரமொருமுறை மென்துணியால் துடைத்துவிட ஒருவரை ஏற்படுத்துங்கள். மழையைப் பொறுத்தவரை, பெட்டியின் மேல் ஐபி 65 அல்லது 66 என்னும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 6 என்னும் முதலிலக்கம் தூசு புகாமையையும், அடுத்தது வீசியடிக்கும் நீரைத் தாங்குதலையும் குறிக்கும். இருந்தும் மாரி மழைக்குக் கூரைத் தாழ்வாரத்தின் கீழிருப்பதே உத்தமம்.

பற்றரியில் இயங்குவதா, மின்கம்பியில் இயங்குவதா என்று பலரும் வினவுகின்றனர். பற்றரிக் கமரா எந்நேரமும் விழித்திருப்பதில்லை. உடற்சூட்டை உணரும் கருவி எழுப்பும்போதே கண் திறக்கும். சுற்றுப்புற வெப்பம் உடற்சூட்டை அண்மிக்கும் கடும் பகலில் அவ்வுணர்வு மந்தமாகும். குறுக்கே நடப்பவரை உணரும் அளவுக்கு, நேர்முகமாக வருபவரை அது உணராது. ஆகவே வசதியுள்ளோர் மின்கம்பியையே நாடுவது நன்று என்பது எமது கருத்து. ஆயினும் மின்சாரம் நின்றால் கமராவும் குருடே. 2022இன் நீண்ட மின்வெட்டை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதனால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே அறிவித்தார். கமராவுக்கும் இணைய ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு சிறு மாற்று மின்வழங்கி வையுங்கள். ரௌட்டர் அணைந்தால் வெளிநாட்டிலிருப்பவருக்குச் செய்தி போகாது. (நாய்க்கு இவையொன்றும் வேண்டியதில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.)

படம் எங்கே சேமிக்கப்படுகின்றது என்பது அடுத்த வினா. கமராவினுள்ளே நினைவக அட்டை இருந்தால் மாதக் கட்டணமில்லை. ஆனால் திருடன் கமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். விநாடிக்கு 2 மெகாபிற் வீதம் இடைவிடாது பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21 கிகாபைற் செல்லும். 64 கிகாபைற் அட்டை மூன்று நாளில் நிறைந்து, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கும். களவு போனதை நாலாம் நாள் அறிந்தவருக்கு அதனாற் பயனில்லை. முக்கியமான துணுக்குகள் மாத்திரம் இணையக் களஞ்சியத்துக்கும் போகுமாறு செய்தல் நடுவழி.

கடவுச்சொல் பற்றி ஒன்றே ஒன்று. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டது அறுபது வரையிலான வழமையான பெயர்களும் கடவுச்சொற்களும் கொண்ட ஒரு சிறு பட்டியல் மாத்திரமே. பெட்டியைத் திறந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

நிற்க. இதுவரை கூறியவை கருவியைப் பற்றியன. இனிக் கூறப்போவது கருவி பார்க்கும் மனிதரைப் பற்றியது; கடைக்காரர் இதனை எடுத்துக் கூறமாட்டார்.

நம்முடைய வளவுகளில் கிணறு வெளியேதான் இருக்கின்றது. பெண்கள் குளிப்பதும் துணி துவைப்பதும் அங்கேயே. கிடுகு வேலியும் பனையோலை மறைப்பும் அதற்காகவே எழுந்தவை. எட்டடி உயரத்தில் நாம் ஏற்றிவைக்கும் கண்ணுக்கு வேலி ஒரு பொருட்டன்று. அயல்வீட்டுக் கிணற்றடி அதற்குத் திறந்த வெளியே. அக்காட்சி நமது கைத்தொலைபேசியில் வந்து தங்குகின்றது. ரொறன்ரோவில் இருப்பவர் கையிலும் விரிகின்றது. வேலித் தகராறு ஒரு தலைமுறைக்கு நீடிக்கும் ஊரிலே, இதனால் விளையக்கூடிய மனக்கசப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகச் செய்வதைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கின்றது. எனினும் வீட்டுத் தேவை எங்கே முடிகின்றது? செக் நாட்டில் ஒருவர், தம் வீட்டின் மீது மீண்டும் மீண்டும் தாக்குதல் நடந்தமையால் கூரையின் கீழ்க் கமரா பூட்டினார். 2007இல் கவண் எறிந்து யன்னலை உடைத்தோர் அதில் அகப்பட்டனர். அகப்பட்டவருள் ஒருவர், அக்கமரா பொதுவழியையும் எதிர்வீட்டு வாசலையும் படம் பிடித்தது முறையா என்று கேட்டார். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. பொதுவழியைப் பார்க்கும் கமரா முற்றிலும் வீட்டுக் காரியம் ஆகாது என 2014 டிசெம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, கேள்வி நம்முடையதுந்தான். பல கமராக்களில், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைத்துப் பதியாமல் விடும் வசதி உண்டு. வாங்குமுன் அதனைக் கேட்டறியுங்கள். பூட்டிய பின் அயலவரை அழைத்து, திரையில் என்ன தெரிகின்றது என்று காட்டிவிடுவது இன்னும் சிறந்தது.

வீட்டுக்குள்ளே இருப்பவரையும் எண்ண வேண்டும். விடியற்காலை முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும் தாயாருக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது: “அம்மா, இந்தப் பனிக்குள்ளை ஏன் முத்தம் கூட்டுறியள்?” மகன் அன்பினாலேயே கேட்கிறார். ஆனால் அத்தாயார் அடுத்த நாள் தொட்டு முற்றத்தில் இறங்கும் முன் சுவரை நிமிர்ந்து பார்க்கத் தொடங்குவார். திருடனுக்காக வைத்த கண், நாள் முழுவதும் பார்ப்பது அவரை அல்லவா? எந்த நேரம் பார்ப்பது, யார் யார் பார்ப்பது, ஒலியையும் பதிவதா என்பவற்றை அவரோடு இருந்து பேசி முடிவு செய்யுங்கள். பகலில் படலையை மாத்திரம் பார்க்கவும், வீடு உறங்கிய பின் முற்றத்தையும் பார்க்கவும் இரு கமராக்களை வெவ்வேறாக இயக்கலாம். அச்செயலியை அவர் கைத்தொலைபேசியிலும் இட்டு, நிறுத்தும் பொத்தானைக் காட்டிக்கொடுத்து, கிணற்றடிப் பக்கம் கறுத்திருப்பதை அவர் தம் கண்ணாலேயே காணும்படி செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.