மடிமீதமர்ந்த பிரயாணி

சிங்கப்பூரில் வாழும் என் தமக்கையார்க்கு ஒன்றரை வயதில் ஓர் ஆண்மகவு உளது. அம்மகவை எம் பெற்றோர் கைப்பேசித் திரையிலன்றி இன்னும் கண்டிலர். எந்தையார் உடல்நலங் குன்றியிருத்தலின், அவர் ஆண்டுச் செல்லுதல் இயலாது. "இப்பொழுது அழைத்து வந்தால் அவனுக்கு என்ன நினைவிருக்கும்? நான்கு வயதாகட்டும்" என்று அத்தான் எழுதியிருந்தார்கள். இக்கூற்றுப் பல இல்லங்களிலும் வழங்குவதாகலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய விழைகின்றேன்.

இவ்வயதில் நிகழ்ந்தவற்றை வளர்ந்தபின் நினைவுகூர்தல் அரிதென்பது மெய்யே. ஆயினும், நினைவொன்றுதானோ பயன்? தாய்ப்பால் உண்டதை நம்முள் நினைப்பவர் யார்? உடம்பு அதனாலன்றோ வளர்ந்தது! மொழியும் அத்தகையதே. 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒன்பது மாதத்து அமெரிக்கக் குழந்தைகள் சிலரோடு சீனமொழியாளர் நேரில் விளையாடிப் பேசினர். வேறு சிலர்க்கு அப்பேச்சே படமாகவும் ஒலிப்பதிவாகவும் அளிக்கப்பட்டது. நேரிற் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பகுத்துணர்ந்தன, ஏனையவை உணர்ந்தில. கைப்பேசியில் உரையாடுதல் வெறும் படத்தினும் மேலாயினும், பாட்டியின் மடிக்கு அஃது ஈடாகாது. லகர ளகர ழகர வேறுபாட்டை யாம் இலக்கணத்திற் கற்குமுன் அம்மடியிலன்றோ கற்றோம்!

இனி, பிரயாணத் துன்பம் பெரிதென்பர். 1973 வரை ரஜூலா என்னுங் கப்பலிற் சிங்கப்பூருக்குங் சென்னைக்கும் இடையே சென்றோர், கைக்குழந்தைகளோடு பல நாள் கடலிற் கழித்தனர். இன்றோ, சிங்கப்பூரினின்று திருச்சிராப்பள்ளிக்கு ஆகாய விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. இரண்டு வயது நிரம்பாத குழந்தை தாய்மடியிலேயே அமரலாம். அதற்குப் பெரும்பாலும் சிறு கட்டணமே கொள்வர். இரண்டு நிரம்பின் தனியிருக்கை வாங்கவேண்டும். விமானம் இறங்கும்போது செவி நோவாதிருக்கப் பாலோ நீரோ பருகக் கொடுத்தல் நன்று.

எம்போல்வார் இல்லத்தார்க்கும் ஒரு கடமையுண்டு. இரண்டரை மணி நேர வேறுபாட்டால் மகவின் உறக்கம் சில நாள் மாறும். வந்தவுடன் உற்றார் அனைவரும் சூழ்ந்து, கைக்குக் கை வாங்கினால் அது வீறிட்டழும். புதுமுகங் கண்டு அஞ்சுதல் குழவியின் இயல்பு; அதனைப் புறக்கணிப்பென்று பாட்டியார் வருந்தலாகாது. தானாக அணுகுமளவும் பொறுத்தல் வேண்டும்.

"நான்கு வயதாகட்டும்" என்போர் பிள்ளையின் வயதை மட்டும் எண்ணுகின்றனர். பாட்டனாரின் வயதும் உடனேறுவதை மறக்கின்றனர். எந்தையார்க்கு இப்பொழுது அறுபத்தாறு. கண்பார்வையும் மங்கி வருகின்றது. பேரன் அவரை நினைவில் வைக்கமாட்டான் என்பது உண்மையாயின், அவர் அவனைக் கண்ணாரக் காணவேண்டுமென்பதும் உண்மையன்றோ? அயல்நாட்டில் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவர் இதனைப் படிப்பாராயின், வரும் விடுமுறையிலேயே மழலையோடு வருக என்பது என் வேண்டுகோள். அத்தானுக்கும் அவ்வாறே எழுதியுள்ளேன்.