விழுந்தால் பிழைக்க வழியே இல்லையா?

ஹெலிகாப்டர் விபத்துச் செய்தி வந்தாலே பலரும் சொல்வது இதுதான்: "அதில் ஏறினால் உயிர் நம் கையில் இல்லை. விழுந்தால் பிழைக்க வழியில்லை. எல்லாம் தலையெழுத்து." சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்று விழுந்த மூன்று ஹெலிகாப்டர்களின் விசாரணை முடிவுகள் இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன.

தரையில் மோதியதுமே கதை முடிந்துவிடும் என்பது முதல் வாதம். 2018 பிப்ரவரி 10 அன்று மாலை, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில் இறங்க வந்தது ஈசி130 பி4 ரக ஹெலிகாப்டர். பிரிட்டனிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஆறு பேரும் பைலட்டும் அதில் இருந்தார்கள். தளத்தை நெருங்கும்போது அது இடப்பக்கமாகச் சுழன்று விழுந்து தீப்பற்றியது. மூவர் அங்கேயே இறந்தனர். மோதலைத் தாண்டி உயிரோடு மீட்கப்பட்டவர்கள் நால்வர். அவர்களில் இருவர் பிறகு மருத்துவமனையில் தீக்காயங்களால் இறந்தார்கள். பைலட்டும் ஒரு பயணியும் பிழைத்தார்கள்.

அடுத்த வாதம், விழுந்தால் தீப்பிடிக்கத்தான் செய்யும், அதை யார் தடுக்க முடியும் என்பது. தடுக்க முடியும், ராணுவம் தடுத்துக் காட்டியிருக்கிறது. மோதலில் கிழியாத ரப்பர் பை போன்ற டேங்க், குழாய் பிய்ந்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு: இவற்றை அமெரிக்க ராணுவம் 1970களிலேயே தன் ஹெலிகாப்டர்களில் பொருத்தியது. பிழைக்கக்கூடிய விபத்துகளில் தீயால் நேரும் சாவு அதன்பின் ஏறக்குறைய இல்லாமலே போனது. சிவில் ஹெலிகாப்டர்களுக்கு 1994இல் விதி வந்தது. ஆனால் புதிதாக அங்கீகாரம் பெறும் வடிவமைப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. பழைய வடிவமைப்பின் வழிவந்தவை எந்த ஆண்டில் தயாரானாலும் தப்பித்துக்கொண்டன. ஈசி130 பி4 அப்படித் தப்பியது. கிராண்ட் கேன்யன் விபத்து நடந்த ஆண்டின் அக்டோபரில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஓட்டையை அடைத்தது. 2020 ஏப்ரல் முதல் தயாராகும் ஹெலிகாப்டர்களுக்குப் பாதுகாப்பான எரிபொருள் அமைப்பு கட்டாயமானது. இறந்த ஒருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கு 2024இல் 10 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அதில் 7.54 கோடி தயாரிப்பாளரான ஏர்பஸ்ஸின் பங்கு.

மூன்றாவது, தரை தெரிந்துவிட்டால் பயமில்லை என்ற நினைப்பு. இறங்கும் நேரத்தில் வேகம் குறைவு, தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறைவு. பின்னாலிருந்து காற்று வீசினால் வால் சுழலியின் பிடி தளர்ந்து, சமாளிக்க உயரம் இல்லாமல் போய்விடும். கிராண்ட் கேன்யனில் நடந்தது அதுதான் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

என்ஜின் நின்றால் கல் போல விழும் என்பதும் உண்மையில்லை. நிதானமான பைலட், கீழிருந்து மேலேறும் காற்றிலேயே இறக்கைகளைச் சுழலவிட்டு வண்டியை இறக்கிவிடுவார். 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் அப்படித்தான் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது. கதவைத் திறந்துவைத்து, கால்களை வெளியே தொங்கவிட்டுப் படமெடுக்கும் பயணம் அது. பயணி வெளியே விழாதிருக்க அணிந்திருந்த கவசப் பட்டையின் கயிறு, வண்டியின் தரையிலிருந்த எரிபொருள் அடைப்பு நெம்புகோலில் மாட்டி இழுத்ததில் என்ஜின் நின்றது. ஆற்றில் இறங்கிய பிறகு மிதவைகள் முழுதாக உப்பவில்லை. வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தது. கயிறு பயணிகளின் முதுகுப் பக்கம் கட்டப்பட்டிருந்தது. அதைத் தாங்களே கழற்ற முடியாமல் ஐந்து பயணிகளும் மூழ்கி இறந்தனர். சாதாரண சீட் பெல்ட் போட்டிருந்த பைலட் வெளியே வந்துவிட்டார்.

கடைசி வாதம், தவறு பைலட்டோடது, அத்தோடு விஷயம் முடிந்தது என்பது. 2023 ஜனவரி 2 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில், சீ வேர்ல்டு பூங்கா அருகே, கிளம்பிய ஹெலிகாப்டரும் இறங்க வந்த ஹெலிகாப்டரும் ஏறக்குறைய 130 அடி உயரத்தில் மோதின. நான்கு பேர் இறந்தார்கள். கிளம்பியதன் ரேடியோ ஆன்டெனா பழுதாகி இருந்தது. அதன் அழைப்பு மற்றவருக்கு எட்டவில்லை. இரு தளங்களின் பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும்படி அமைந்திருந்தன. பயணிகள் பலரின் சீட் பெல்ட் சரியாக மாட்டப்படவில்லை. இத்தனையையும் ஒரு பைலட்டின் தலையில் கட்ட முடியாது.

காற்றுக்கும் மனிதத் தவறுக்கும் பங்கு உண்டு என்பதை விசாரணைகளும் ஏற்கின்றன. ஆனால் அந்தத் தவறு சாவில் முடிகிறதா என்பதைத் தீர்மானிப்பவை டேங்க், பட்டை, ரேடியோ, விதிமுறை. எல்லாமே மனிதர்கள் மாற்றக்கூடியவை. விதி என்று சொல்லி ஒதுங்கினால் லாபம் அடைபவர்கள், மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்டவர்களே.

சுற்றுலா ஹெலிகாப்டருக்கு டிக்கெட் வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: மோதலைத் தாங்கும் டேங்க் இருக்கிறதா, பட்டையை நானே ஒரே அசைவில் கழற்ற முடியுமா, காற்று அதிகமானால் பயணத்தை ரத்து செய்வீர்களா? தெளிவான பதில் வராத வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.