இரண்டு தட்டிலும் 1,815

இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று சமமாயிருக்கக் கண்ட மாத்திரத்தில், முன்பின் பார்த்தறியாத ஒரு மனிதர்மீது ஆழ்ந்த அபிமானம் உண்டாகிவிடும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் ஸ்டான் மியூசியல் என்னும் அமெரிக்கப் பேஸ்பால் வீரரின் கணக்கை ஒரு பழைய புள்ளிவிவரப் புத்தகத்தில் முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு நேர்ந்தது அதுவே. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற ஒரே குழுவுக்காக 22 பருவங்கள் ஆடி, 3,630 ஹிட்டுகள் எடுத்து, 1963-ல் மட்டையைக் கீழே வைத்த அந்த மனிதர், அவற்றில் 1,815-ஐத் தம் சொந்த மைதானத்திலும், மிச்சமுள்ள 1,815-ஐ அயலார் மைதானங்களிலும் அடித்திருந்தார். உள்ளூர் ஜனங்களின் கரகோஷம் அவரைக் கூட்டவுமில்லை. வெளியூர்க்காரர்களின் கூச்சல் அவரைக் குறைக்கவுமில்லை.

கிரிக்கெட்டிலே பழகிய நமக்கு ஹிட் என்பதன் அருமை எளிதில் விளங்காது. கிரிக்கெட்டில் மட்டையாளர் ஆட்டமிழக்காமல் மணிக்கணக்கில் நிற்கலாம். பேஸ்பாலிலோ அவருக்கு ஒரு முறை கிட்டுவது ஒருசில பந்துகள்தாம். ஏறக்குறைய அறுபது அடி தூரத்திலிருந்து, கண் இமைக்கும் நேரத்தில் வந்து சேரும் பந்தை உருளைத்தடி போன்ற மட்டையால் அடித்து, காவலர் கையில் சிக்காமல் செலுத்தி, பத்திரமாக ஒரு பேஸையேனும் அடைந்தால் அது ஹிட். பத்து முறைக்கு மூன்று முறை இதைச் செய்பவர் சிறந்த வீரர் என்று அந்நாட்டில் கொண்டாடப்படுகிறார். மியூசியல் ஆயிரத்துக்கு 331 முறை செய்தார், அதுவும் இருபதாண்டுகளுக்கு மேலாக. பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன்களை 475 முறை அடித்த அவர், மூன்று ஸ்டிரைக் வாங்கி வெறுங்கையோடு திரும்பியது தம் வாழ்நாளில் 696 முறைதான். பலமாக வீசுகிறவர் அடிக்கடி தவறுவார் என்ற பொதுவிதி இவரிடம் வந்து பொய்த்துப்போயிற்று.

இவருக்கு உரிய கௌரவம் கிடைக்கவில்லை என்று நான் வாதாடப் புகுந்தால், விஷயம் அறிந்தவர்கள் உடனே என்னை மறுப்பார்கள். நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதை 1943, 1946, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெற்றவர்; ஏழு முறை லீக்கின் முதன்மை மட்டையாளராக விளங்கியவர்; 1969-ல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்; 2011-ல் ஜனாதிபதி ஒபாமாவின் கையால் சுதந்திரப் பதக்கம் அணிவிக்கப்பட்டவர்; மிஸிஸிப்பி நதியின் குறுக்கே அவர் பெயரில் ஒரு பாலமும் நிற்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்கலாம். எனக்கு உள்ள குறை பதக்கங்களைப் பற்றியதன்று, ஞாபகத்தைப் பற்றியது. அமெரிக்கர் ஒருவரை நிறுத்தி, சரித்திரத்தில் தலைசிறந்த மட்டையாளர்களைச் சொல்லுங்கள் என்றால், ரூத், கோப், டெட் வில்லியம்ஸ், டிமாஜியோ, மேஸ், ஆரன், மேண்டில் என்று விரல்விட்டு எண்ணுகிறார். இரண்டு கையும் தீர்ந்த பிறகே, சில சமயம் அப்போதும் இல்லாமல், மியூசியலின் பெயர் வருகிறது.

இது வெறும் ஊகமன்று. தேர்தல் வைத்தே நிரூபிக்கப்பட்ட விஷயம். 1999-ல், நூற்றாண்டின் மிகச் சிறந்த குழுவை ரசிகர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். வெளிக்களத்துக்கு ஒன்பது பேர் தேர்வானார்கள். மியூசியலுக்குக் கிடைத்தது பதினோராவது இடம். அநீதியைக் கண்டு வெட்கமுற்ற ஒரு நிபுணர் குழு, பிற்பாடு அவரையும் வேறு நால்வரையும் சேர்த்துக் கொண்டதால்தான் அந்தப் பட்டியல் மானம் தப்பியது. அந்த ஒன்பது பேரில் ஒருவர், அப்போது முப்பது வயதுகூட நிறையாத கென் கிரிஃபி ஜூனியர். பென்சில்வேனியா மாநிலத்தில் டொனோரா என்று ஓர் ஆலைநகரம் உண்டு. மியூசியல் பிறந்தது அங்கே, 1920 நவம்பர் 21-ல். கிரிஃபி பிறந்ததும் அதே டொனோராவில், அதே நவம்பர் 21-ல், 49 ஆண்டுகளுக்குப் பிறகு. கிரிஃபியின் பாட்டனார் பள்ளிக்கூடத்தில் மியூசியலோடு சேர்ந்து விளையாடியவர். கிரிஃபி மகத்தான வீரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பேரனை நினைவு வைத்திருந்த ஜனங்கள் பாட்டனின் சிநேகிதரை மறந்தார்கள் என்பதை எண்ணும்போது என் மனம் வருந்துகிறது.

ஏன் மறந்தார்கள்? இதற்கு நான் காணும் காரணம், மனித ஞாபகம் சம்பவங்களைப் பற்றிக்கொள்வதே அன்றி நிதானத்தைப் பற்றிக்கொள்வதில்லை என்பது. 1941-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டில்தான் டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் எடுத்தார். வில்லியம்ஸ் ஆயிரத்துக்கு 406 என்ற சராசரியை எட்டினார். 56, 406 என்ற இந்த இரண்டு எண்களையும் அந்நாட்டில் பேஸ்பால் அறிந்த எவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதே ஆண்டு செப்டம்பரில், பருவம் முடியும் தறுவாயில், இருபது வயது வாலிபர் ஒருவர் செயின்ட் லூயிஸ் குழுவில் வந்து சேர்ந்து, 47 முறை மட்டை பிடித்து 20 ஹிட்டுகள் எடுத்தார். முந்தைய ஆண்டுவரை அவர் பிட்சர்; 1940-ல் டேடோனா பீச் குழுவுக்காக ஆடுகையில் ஒரு பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்ததில் இடது தோள் பழுதாகி, எறியும் தொழிலே போயிற்றென்று கலங்கி நின்றவர். அந்த வேளையில் அவருக்கும் அவர் மனைவிக்கும் தம் வீட்டிலேயே இடம் தந்து ஆறுதல் சொன்ன குழு மேலாளர் டிக்கி கெர்ருக்கு, பிற்காலத்தில் மியூசியல் ஹியூஸ்டன் நகரில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தாரென்பதை இங்கே சொல்லாமலிருக்க எனக்கு மனமில்லை.

அவருக்கும் ஒரு மாபெரும் சம்பவம் வாய்த்திருக்கக் கூடும். மழை அதைத் தட்டிப் பறித்தது. 1948-ல் அவர் ஆடிய ஆட்டத்தை அந்தச் சகாப்தத்தின் சிகரம் என்று சொன்னால் மிகையாகாது. சராசரி ஆயிரத்துக்கு 376, ஹிட்டுகள் 230, அவரது அடியால் குழுவுக்குச் சேர்ந்த ஓட்டங்கள் 131. எல்லாவற்றிலும் லீக்கில் முதலிடம். ஹோம் ரன்களில் மட்டும் 39; முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இருவருக்கும் 40. அவர் அடித்த ஒரு ஹோம் ரன், மழையால் ஆட்டமே கைவிடப்பட்டதால் கணக்கில் சேராமல் கரைந்துபோயிற்று என்பார்கள். அது நின்றிருந்தால் முதலிடம் மூவருக்கும் பொதுவாகி, சராசரி, ஹோம் ரன், அடியால் சேர்ந்த ஓட்டம் ஆகிய மூன்றிலும் முதல்வருக்கு உரிய முக்கிரீடம் என்று சொல்லப்படும் அபூர்வப் பட்டம் அவர் தலையில் ஏறியிருக்கும். வில்லியம்ஸ் அதை இரண்டு முறை சூடியவர். அதே 1948-ன் அக்டோபரில், டொனோராவின் துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் கக்கிய புகை பனியோடு கலந்து ஊரையே மூடியதில் இருபது பேர் மாண்டார்கள். அங்கே ஆலையில் உழைத்துத் தேய்ந்திருந்த அவர் தந்தை லூகாஸ், போலந்திலிருந்து பிழைக்க வந்த அந்த ஏழைத் தொழிலாளி, அப்புகையால் நோயுற்று, அந்த ஆண்டு முடிவதற்குள் கண்ணை மூடினார். மகனுடைய கீர்த்தியின் உச்சமும் தகப்பனாரின் முடிவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

ஊரின் குற்றமும் இதில் உண்டு. நியூயார்க்கில் ஆடியவர்களுக்கு நாட்டின் பத்திரிகைகளும், பின்பு தொலைக்காட்சியும் பக்கத்திலேயே இருந்தன. 1949 முதல் 1958 வரை பத்தாண்டுகளும் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியில் அந்நகரத்துக் குழு ஒன்றாவது இல்லாமற்போகவில்லை. கார்டினல்ஸோ 1942, 1944, 1946 ஆகிய ஆண்டுகளில் அவருடைய யௌவனத்தில் பட்டம் வென்றபின், அவர் ஆடிய காலம் முழுதும் அந்த மேடையை மறுபடி எட்டவே இல்லை. அவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டே, 1964-ல், வென்றார்கள். நியாயமாகப் பேசவேண்டுமானால், கிடைத்த உலகத் தொடர்களில் அவர் தம் வழக்கமான தரத்தில் ஆடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1946-ல் அவருடைய சராசரி 222 தான். ஆயினும் எதிரணியில் நின்ற வில்லியம்ஸின் சராசரி 200. அது அவர் கீர்த்தியை ஒரு மாற்றும் குறைக்கவில்லையே! மியூசியலின் பெருமையை முதலில் உரக்கச் சொன்னவர்கள் அவரிடம் உதைபட்ட புரூக்ளின் ரசிகர்கள்தாம். ‘அந்த மனிதன் வருகிறான்’ என்று அவர்கள் முணுமுணுத்ததே ‘ஸ்டான் தி மேன்’ என்ற பட்டப்பெயராக நிலைத்தது.

இந்த இடத்தில் இன்னொருவரை நினையாமல் மேலே செல்வது பாவம். ஜோஷ் கிப்ஸன் என்ற கறுப்பின வீரர், நிறத்தின் காரணமாகவே பெரிய லீக்கில் ஒரு நாளும் அனுமதிக்கப்படாமல், ஜாக்கி ராபின்ஸன் அக்கதவைத் திறப்பதற்கு மூன்று மாதங்கள் முன்னால், 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்கையும் பெரிய லீக்கின் கணக்கோடு சேர்த்து 2024-ல் வெளியிட்டபோதுதான், ஆயிரத்துக்கு 372 என்ற அவருடைய சராசரி எல்லாரினும் மேலாக ஏடேறியது. அந்தக் கொடுமைக்கு முன்னால் மியூசியலின் குறை சிறியது. அதை அவரே அறிந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு வந்திருந்த கறுப்பின வீரர்கள் ஒரு மூலையில் ஒதுங்கிச் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, எந்த முகாந்தரமும் சொல்லாமல் வந்து உட்கார்ந்து எனக்கும் சீட்டுப் போடுங்கள் என்று கேட்ட வெள்ளையர் மியூசியல் என்று வில்லி மேஸ் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

1959-ல் சராசரி 255-க்கு இறங்கியபோது, அடுத்த ஆண்டுக்குத் தம் சம்பளத்தைக் குறைக்கும்படி நிர்வாகத்தைத் தாமே கேட்டுக்கொண்ட மனிதர் அவர். மூன்றாண்டு கழித்து, 41 வயதில், ஆயிரத்துக்கு 330 என்று நிமிர்ந்தார். 3,026 ஆட்டங்களில் ஒருமுறையேனும் நடுவரால் வெளியேற்றப்பட்டதில்லை. செயின்ட் லூயிஸ் மைதானத்தின் வாசலில் 1968 முதல் அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. உடம்பைக் குறுக்கி, முதுகைப் பிட்சரின் பக்கம் திருப்பி, சுவர் மூலையிலிருந்து எட்டிப்பார்க்கும் சிறுவனைப் போல நிற்கும் அவருடைய விசித்திரமான நிலை உலகப் பிரசித்தம். சிற்பியோ அகன்ற தோளும் விறைத்த உடலுமாக வேறு யாரையோ வடித்துவிட்டார். அதைக் குறித்து மியூசியலே குறைப்பட்டதுண்டு. தமக்கென்று அவர் வாய்விட்டுச் சொன்ன குறை, நான் அறிந்தமட்டில், அது ஒன்றுதான்.

1941 செப்டம்பர் 17-ல் அவர் முதன்முதலாக ஆடிய ஆட்டத்தில் இரண்டு ஹிட்டுகள் எடுத்தார்; கார்டினல்ஸ் 3-2 என்று ஜயித்தார்கள். 1963 செப்டம்பர் 29-ல் கடைசி ஆட்டத்திலும் இரண்டே ஹிட்டுகள்; அன்றும் 3-2 என்றே ஜயித்தார்கள். அந்த இறுதி ஹிட், சின்சினாட்டி குழுவின் புதுமுகமாகிய ஓர் இளைஞரின் எட்டாத கையைத் தாண்டி வெளிக்களத்துக்கு ஓடிற்று. அந்த இளைஞர் பீட் ரோஸ். 1981 ஆகஸ்டில் மியூசியலின் 3,630-ஐ முறியடித்து நேஷனல் லீக்கின் முதல்வரானவர் அவரே. 1999-ல் ஜனங்கள் தேர்ந்த ஒன்பது பேரில் இடம்பெற்றவரும் அவரே. 3,631-ஆவது ஹிட் விழுந்த அன்று பிலடெல்பியா மைதானத்துக்கு மியூசியல் வந்திருந்தார். அறுபது வயதில், அழைப்புக்கு இணங்கி நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்து, தம் பெயரைத் தாண்டிச் சென்றவரின் கையைப் பற்றிக் குலுக்கினார்.