ஆன்டிவைரஸைத் தூக்க வேண்டாம், மெயில் ஸ்கேனை மட்டும் நிறுத்துங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயில் நின்றுபோனால் முதலில் திட்டு வாங்குவது நெட் கனெக்‌ஷன், அடுத்து பாஸ்வேர்டு. இரண்டும் சரி என்று தெரிந்த பிறகு, “ஆன்டிவைரஸைத் தூக்கிட்டுப் பாருங்க” என்பார் யாராவது ஒருவர். அவர் சந்தேகப்படும் இடம் பல நேரம் சரிதான். சொல்லும் வைத்தியம்தான் தவறு.

ஆயக்குடி போன்ற ஊரிலும் மெயிலை நம்பியிருப்பவர்கள் பலர். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்குள்ள மரத்தடி இலவசப் பயிற்சி மையத்துக்கு வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். அந்தத் தேர்வின் ஒருமுறைப் பதிவுக்கே ஈமெயில் முகவரி வேண்டும். கொய்யா வியாபாரக் கணக்கு ஆடிட்டருக்குப் போவதும் மெயிலில்தான். போனிலோ பிரவுசரிலோ ஜிமெயில் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் மெயிலை இறக்கிப் படிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆன்டிவைரஸ் மெயிலுக்குள் ஏன் நுழைந்தது? 1999இல் மெலிஸா, 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என இரண்டு வைரஸ்கள் மெயில் இணைப்பாகவே உலகம் முழுக்கப் பரவின. அன்று பெரும்பாலான மெயில் பூட்டில்லாமல் வந்துகொண்டிருந்தது. வழியில் நின்று பிரித்துப் பார்ப்பது ஆன்டிவைரஸுக்கு எளிது, அன்றைக்கு அது தேவையாகவும் இருந்தது.

இன்று நிலைமை வேறு. 993, 995, 465 ஆகிய போர்ட்டுகளில் மெயில் மறையாக்கப்பட்டே போகிறது. அதைப் படிக்க ஆன்டிவைரஸ் ஒரு வேலை செய்கிறது. அவுட்லுக்கிடம் தானே மெயில் சர்வர்போல நின்றுகொள்கிறது. உண்மையான சர்வரிடம் அவுட்லுக்போலப் பேசுகிறது. நடுவில் பூட்டைத் திறந்து, பார்த்து, மறுபடி பூட்டுகிறது. அந்த இரண்டாவது பூட்டுக்குத் தன் சான்றிதழைப் போடுகிறது. மெயில் மென்பொருள் அதை நம்பாவிட்டால் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையைத் திறந்து, வழங்கியவர் யார் என்று படித்துப் பாருங்கள். ஜிமெயில் என்றால் கூகுள் பெயர் இருக்க வேண்டும். உங்கள் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் நடுவில் நிற்பது யார் என்று தெரிந்துவிடும். இணையதள இணைப்புகளை இப்படி இடைமறிப்பதைப் பற்றி 2017இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொசில்லா, கூகுள், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தாருடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பல ஆன்டிவைரஸ்கள் இணைப்பின் பாதுகாப்பைக் குறைத்தே விடுகின்றன என்பது அவர்கள் கண்டது.

பெரிய ஃபைல் அனுப்பும்போது இன்னொரு சிக்கல். ஆன்டிவைரஸ் மெயிலை வாங்கி வைத்துச் சோதிக்கும் நேரத்தில் அவுட்லுக் பதிலுக்குக் காத்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் அதன் பொறுமை ஒரு நிமிடம்தான். பதில் வராவிட்டால் மெயில் போகவில்லை என்று எண்ணி மீண்டும் அனுப்பும். அவுட்பாக்ஸில் மெயில் அப்படியே கிடக்க, அந்தப் பக்கம் ஆடிட்டருக்கு ஒரே மெயில் நான்கைந்து முறை போய்ச் சேர்ந்திருக்கும்.

தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. அது வழக்கமாக இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே ஃபைலாகச் சேமிக்கிறது. பழைய மெயில் ஒன்றில் வைரஸ் இருப்பதாகத் தோன்றினால், சில ஆன்டிவைரஸ்கள் அந்த ஃபைலையே தூக்கித் தனியே அடைத்துவிடும். ஒரு கொய்யா அழுகியதற்குக் கூடையையே குப்பையில் கொட்டுவதுபோல. அப்படி நடந்தால் பதறி எதையும் அழிக்காதீர்கள். ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலிலிருந்து பெரும்பாலும் மீட்டுவிடலாம். பிறகு தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? அதே மெயில் கணக்கைப் போனில் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் கணக்கில் குறையில்லை. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கேட்டால் ஆன்டிவைரஸைக் குறை சொல்லக் கூடாது. பழைய மென்பொருள்கள் வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் வைத்து உள்ளே வருவதை ஜிமெயில் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. கூகுள் கணக்கில் அதற்கெனத் தனி ‘ஆப் பாஸ்வேர்டு’ எடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், ஆன்டிவைரஸ் செட்டிங்கில் ‘மெயில் ஷீல்டு’, ‘ஈமெயில் ஸ்கேன்’ என்ற மாதிரி ஒரு பெயர் இருக்கும். அதை மட்டும் நிறுத்தி, மெயில் மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். சரியானால் அப்படியே விட்டுவிடலாம்.

வைரஸ் வந்துவிடாதா என்ற பயம் நியாயமானது. மெயிலோடு வரும் இணைப்பைத் திறக்கும்போது அது ஹார்ட் டிஸ்கில் எழுதப்படுகிறது. ஃபைல்களைக் கவனிக்கும் ‘ரியல் டைம்’ காவல் அந்த நொடியிலேயே அதைச் சோதிக்கும். அந்தக் காவலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக் கூடாது. ஜிமெயிலும் தன் பக்கத்திலேயே இணைப்புகளைச் சோதிக்கிறது; .எக்ஸ்இ ஃபைல்களை ஏற்பதே இல்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்னும் அதிலேயே ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டரில், மெயிலுக்காக ஆன்டிவைரஸை முழுதாக எடுப்பது இருக்கிற காவலையும் குறைத்துக்கொள்ளும் வேலை.